கருநாக்குக்காரன்

அவன் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. யாரும் தடுக்கவில்லை. எழுதினால் அவனுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது, அவ்வளவுதான். வந்தவாசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். மூடநம்பிக்கை கூடாது என்று பிள்ளைகளிடம் சொல்லவும் சொல்கிறேன். ஆனாலும் பேனா அந்தப் பெயரிடம் வந்ததும் நின்றுவிடுகிறது. அவனோடு பழகிய தோஷம்.

அவன் நாக்கின் நுனியில், இடது பக்கமாக, மிளகு அளவுக்கு ஒரு கறுப்பு மச்சம் இருந்தது. அதைப் பார்த்தவர்கள் குறைவு. சிரித்தால் கையால் வாயைப் பொத்திக்கொள்வான். புதிதாகப் பார்க்கிறவர்கள் கூச்ச சுபாவம் என்று நினைப்பார்கள். பல் டாக்டரிடம் போகவே மாட்டான். ஒரு தடவை கடைவாய்ப்பல் வீங்கி ஒரு பக்கக் கன்னம் பன் மாதிரி ஆகிவிட்டது. அப்போதும் கிராம்பைக் கடித்துக்கொண்டே மைதானத்துக்கு வந்தான். வாயைத் திறந்து காட்டச் சொன்னால் எழுந்து போய்விடுவான்.

கருநாக்கு உள்ளவன் சொன்னால் பலிக்கும் என்பது நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த பேச்சு. யாராவது அபசகுனமாக ஏதாவது சொன்னால், "உன் கருநாக்க வெச்சிகினு சும்மா இருடா" என்று திட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். மற்றவர்களுக்கு அது ஒரு வசவு. அவனுக்கு அது உடம்பில் இருந்த ஒரு உறுப்பு.

அவன் ஆரணிக்காரன். பட்டு நெசவுக் குடும்பம். நான் கண்ணமங்கலம் பக்கத்தில் விவசாயக் குடும்பம். கல்லூரியில் படிக்கும்போது ஆரணி கோட்டை மைதானத்தில் பழக்கமானோம். எங்கள் பக்கத்தில் கோலூன்றித் தாண்டும் பைத்தியம் எங்கள் இரண்டு பேருக்குத்தான் இருந்தது. சாயம் தோய்த்த பட்டு நூலை உலர்த்துவதற்குக் கட்டும் மூங்கில்தான் அவனுடைய முதல் கம்பு. என்னுடையது பந்தல்காரரிடம் கெஞ்சி வாங்கியது. மெத்தைக் கடைக்காரர் வேண்டாம் என்று ஒதுக்கிய பஞ்சையும் ஸ்பாஞ்சையும் சாக்கில் அடைத்து, அதன்மேல்தான் விழுந்தோம். விழுந்தோம் என்று நான் சொல்கிறேன். அவன் எதிரில் அப்படிச் சொல்ல முடியாது. "எறங்கினோம்னு சொல்லுடா" என்பான்.

அவனிடம் பேசுவது வேறு ஒரு பாஷை பேசுவது மாதிரிதான். குறுக்குக் கம்பி விழுந்தால், "எறங்கிடுச்சு". தோற்றால், "அப்பால பாத்துக்கலாம்". யாராவது செத்துப்போனால், "அவங்க ஊருக்குப் போயிட்டாங்க". 'இல்லை' என்ற சொல்லே அவன் வாயில் வராது. இல்லாத பொருள் எல்லாம் அவனுக்கு வர வேண்டிய பொருள்.

ஒரு தடவை வேலூர் பஸ்ஸில் நடத்துனர் அவனிடம், "சில்லறை இருக்குதா?" என்று கேட்டார்.

"வரணுங்க" என்றான் இவன்.

"யாரு வரணும்?"

"சில்லறைங்க."

"எந்த ஸ்டாப்புல ஏறும்?"

பஸ்ஸே சிரித்தது. அவனும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். நான்தான் சில்லறை கொடுத்து மானத்தைக் காப்பாற்றினேன். இறங்கி நடக்கும்போது, "இல்லன்னு சொல்லித் தொலைச்சா இன்னாடா?" என்று கேட்டேன். "நான் அப்படி சொன்னா அப்படியே பூடும்டா" என்றான். அப்போது அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. கழுத்து வியர்த்திருந்தது.

இந்தப் பாஷை முழுக்க அவன் கண்டுபிடித்தது அல்ல. பாதி அவன் வீட்டுப் பேச்சு. தாலிக்கயிறு அறுந்தால், 'அறுந்தது' என்று சொல்லாமல் 'பெருகிடுச்சு' என்று சொல்வது எல்லோர் வீட்டிலும் உள்ளதுதான். அவன் வீட்டில் தறியில் ஓர் இழை அறுந்தாலும் அந்தச் சொல்தான். "தோ, அந்தாண்ட ஒண்ணு பெருகிகினு நிக்குது பாரு" என்பார் அவன் அம்மா. அவன் குனிந்து முடிச்சுப் போடுவான். முதல் நாள் அந்த வீட்டுக்குப் போனபோது, தறியில் எதுவோ நன்றாக விளைகிறது என்றுதான் நினைத்தேன். எங்கள் வீட்டில் பெருகுவது ஏரித் தண்ணீரும் நெல்லும்தான்.

அந்த வீட்டில் இந்தக் கட்டுப்பாடு எதற்கும் அடங்காதவர் அவன் அப்பா. நைனா என்று கூப்பிடுவான். இடுப்பு உடைந்து தேறியவர். தறிக்குழியில் காலைத் தொங்கப்போட்டு உட்கார முடியாது. ஓர் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டே, மகனைச் சீண்டுவதற்கென்று வாய்க்கு வந்ததைப் பேசுவார். "நான் செத்தா என்னை இந்த நாற்காலியோட தூக்கிகினு போங்கடா, எறக்குறது பேஜாரு" என்பார். இவன் காதைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடுவான். அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார்.

அந்த இடுப்பின் கதையை நான் கேட்டது அவரிடம்தான். பட்டு நூலை உலர்த்த மூங்கில் கட்டுவதற்காக அவர் ஏணியில் ஏறியிருக்கிறார். இவனுக்கு அப்போது ஏழோ எட்டோ வயது. கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவன் அண்ணாந்து பார்த்து, "நைனா, உழுந்துடுவே" என்று கத்தியிருக்கிறான். அவர் திரும்பிப் பார்த்தார். ஏணி நகர்ந்தது. பக்கத்து வீட்டு அம்மாள் ஓடி வந்து, தண்ணீர் கொடுப்பதற்கு முன்பே இவன் வாயைப் பிளந்து பார்த்தாளாம். "அய்யோ, நாக்குல மச்சம்டி" என்று அவள் போட்ட கூச்சல் தெரு முழுக்கக் கேட்டதாம்.

"நான் எத்தினியோ தபா சொல்லிட்டேன்பா" என்றார் அவர் என்னிடம். "டேய், உன் வாயால நான் உழலடா, ஏணியால உழுந்தேன், அது கால் சரியில்லாத ஏணின்னு. கேக்கணுமே அவன்!"

அவன் தறியில் குனிந்திருந்தான். ஓர் இழைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான்.

தெருக்காரர்களுக்கு அவன் தேவைப்பட்ட நேரங்களும் உண்டு. பரீட்சைக்குப் போகிற பெண் வாசலில் வந்து நின்று, "அண்ணா, பாஸாவேன்னு ஒரு வார்த்தை சொல்லுண்ணா" என்பாள். வெளிநாட்டு வேலைக்கு எழுதிப் போட்டவன் வருவான். இவன் மனசாரச் சொல்வான். ஒன்றும் பலிக்காது. அந்தப் பெண் இரண்டு பாடத்தில் தோற்றுப்போய்விட்டாள். "நல்லது சொன்னா பலிக்காதாடா உனக்கு?" என்று நான் கிண்டல் செய்தேன். "மச்சம் ஒரு பக்கம்தானேடா இருக்குது" என்றான். கிண்டலுக்குக் கிண்டலா, நிஜமா என்று எனக்குத் தெரியவில்லை.

கோலூன்றித் தாண்டுவதைத் தொலைக்காட்சியில் பார்க்கிறவர்களுக்கு அழகாக இருக்கும். செய்கிறவனுக்கு அது முழுக்கப் பயம். கம்பைத் தூக்கிக்கொண்டு முழு வேகத்தில் ஓடிவந்து, தரையில் பதித்த ஒரு குழிப்பெட்டியில் அதன் நுனியைக் குத்த வேண்டும். கம்பு வில்லாக வளையும். அந்த நேரத்தில் நாம் தரையிலும் இல்லை, மேலேயும் போகவில்லை. முதுகு மண்ணைப் பார்க்கும், கால் வானத்தைப் பார்க்கும். மூங்கிலுக்குப் பிறகு எங்களுக்குக் கிடைத்த, உள்ளே வெறும் காற்று நிறைந்த ஒரு கண்ணாடி நார்க் குழாயை நம்பி உயிர் தொங்கும். அந்தக் குழாய் முறிந்தால் என்ன ஆகும் என்று தாண்டுகிறவர்கள் யாரும் தங்களுக்குள் பேசிக்கொள்ளமாட்டோம். அந்த விஷயத்தில் உலகத்தில் உள்ள எல்லாத் தாண்டுகாரர்களும் கொஞ்சம் அவனைப் போலத்தான்.

"இவ்ளோ பயந்துகினு எதுக்குடா இதுக்கு வந்தே? ஓட்டப் பந்தயம் ஓடக்கூடாதா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"மேல போறப்போ மனசுல ஒரு வார்த்தை கூட ஓட மாட்டேங்குதுடா. அந்த ஒரு எடத்துலதான் எனக்கு நிம்மதி" என்றான்.

நன்றாகத் தாண்டினான். என்னைவிட நன்றாக. ஓடுவதற்கு முன் உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொள்வான், வாய் தானாகத் திறந்துவிடக்கூடாது என்பதுபோல. தாண்டி இறங்கியதும்தான் விடுவான். உதட்டில் ரத்தம் கட்டியிருக்கும்.

மாநிலப் போட்டியில் ஒரு சம்பவம் நடந்தது. எங்களுக்குப் போட்டியாக வேலூர்க்காரன் ஒருவன் இருந்தான். வாய்ச்சவடால் பேர்வழி. எங்கள் மூங்கில் காலத்தைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். அன்று அவன் தாண்டத் தயாராகும்போது நான் இவன் காதில், "அவன் உழுவான்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லேன்டா. ரெண்டு மெடலும் ஆரணி பஸ் ஏறிடும்" என்றேன். விளையாட்டுக்குத்தான் சொன்னேன். பளார் என்று அறைந்தான். காது கொய்யென்றது. அதற்கு முன்னும் பின்னும் அவன் யார் மேலும் கை வைத்து நான் பார்த்ததில்லை.

வேலூர்க்காரன் அடுத்த முயற்சியில் குறுக்குக் கம்பியோடு சேர்ந்து இறங்கினான். கணுக்கால் மடங்கிவிட்டது. நான்கு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். இவனைத் தேடினேன். உடை மாற்றும் அறைக்குப் பின்னால் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான்.

"நீதான் ஒண்ணும் சொல்லலியேடா" என்றேன்.

"வாயால சொல்லல" என்றான். வாயைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். "நீ சொன்னப்போ மனசுல ஒரு தபா ஓடிச்சு."

அதுவரை அவனுடைய பயம் அவனுடையது. நான் வேடிக்கை பார்க்கிறவன். அன்றைக்குப் பிறகு எனக்கும் தொற்றிக்கொண்டது. நான் தாண்டும்போது அவன் என்னை உற்றுப் பார்த்தால் கால் தடுமாறும். "இன்னாடா நெனைச்சிகினு இருக்கே?" என்று ஓடுபாதையிலிருந்தே கத்துவேன். அவன் முகத்தைத் திருப்பிக்கொள்வான். பிறகு நான் தாண்டும்போதெல்லாம் அவன் எனக்கு முதுகைக் காட்டி உட்காரத் தொடங்கினான். நான் கேட்காமலே செய்தான். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் திரும்பு என்று நான் சொல்லவும் இல்லை.

பிறகு அந்த உள்ளரங்கப் போட்டி வந்தது. பல நாடுகள் கலந்துகொள்ளும் பெரிய போட்டி, குளிர் நாடு ஒன்றில். அவன் தகுதி பெற்றுப் போனான். நான், போக வேண்டியவன் ஒருவனுக்குத் தோள் பிசகியதால் கடைசி நேரத்தில் சேர்க்கப்பட்டேன். அந்தத் தோள் பிசகியதற்குத் தான் காரணம் அல்ல என்று என்னிடம் தானாகவே இரண்டு தடவை சொன்னான்.

புறப்படுகிற அன்று அவன் அப்பா நாற்காலியில் இருந்தபடியே, "போய் நல்லா உழுந்துட்டு வாடா!" என்று உரக்க வழியனுப்பினார். இவன் வாசல்படியில் அப்படியே நின்றுவிட்டான்.

"இன்னா நின்னுட்டே? தாண்டினா உழத்தானே வேணும், மேலயே குடித்தனம் பண்ண முடியுமா?" என்றார் அவர்.

இவன் திரும்பி உள்ளே வந்தான். சகுனம் சரியில்லை என்றால் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுப் புறப்பட வேண்டும் அல்லவா, அதைச் செய்தான். சொம்புத் தண்ணீர் முழுவதையும் குடித்தான். "ஜல்தி வாடா, பஸ்ஸு போயிடும்" என்று நான் தெருவில் நின்று கத்திக்கொண்டிருந்தேன். அவன் அம்மா அவன் நெற்றியில் விபூதி இட்டுக்கொண்டிருந்தார்.

அந்த அரங்கத்தைப் பார்த்ததும் அவன் முதலில் பார்த்தது கூரையைத்தான். நாங்கள் அதுவரை வானத்துக்குக் கீழேதான் தாண்டியிருக்கிறோம். அங்கே மேலே இரும்புச் சட்டங்களும் விளக்குகளும் இருந்தன. ஓடுபாதை பலகையால் ஆனது, தரையிலிருந்து உயர்த்திப் போட்டிருந்தார்கள். ஒருவன் ஓடினால் அரங்கமே தடதடவென்று அதிர்ந்தது. "காத்து கூட வரணும்டா இங்க" என்றான். அவன் பாஷையில் காற்றே இல்லை என்று அர்த்தம்.

விமானம் மாறிய இடத்தில் என் கம்புகள் தங்கிவிட்டன. போட்டி நாள் வரை வந்து சேரவில்லை. அவன் தயங்காமல் தன் கம்புகளை எனக்கும் சேர்த்துக் கொடுத்தான். உடையவன் சம்மதித்தால் அடுத்தவர் கம்பை உபயோகிக்கலாம் என்று விதியும் உண்டு. எல்லாக் கம்பும் ஏறக்குறைய ஒரே நீளம்தான். ஆனால் சில மெதுவாக வளையும், சில விறைப்பாக நிற்கும். விறைப்பானதைப் பெரிய கம்பு என்போம், இளகியதைச் சின்ன கம்பு என்போம். அடையாளத்துக்கு அடிப்பக்கத்தில் வெவ்வேறு நிற டேப் சுற்றியிருந்தான்.

போட்டிக்கு முன் பயிற்சித் தாண்டலின்போது அவனுடைய மஞ்சள் டேப் கம்பு கையிலிருந்து விலகிப் போய், பக்கத்தில் இருந்த இரும்புத் தாங்கியின் விளிம்பில் மோதியது. அவன் அதை எடுத்து விரலால் தடவிப் பார்த்தான். பிறகு பெஞ்சின் கடைசிக்குக் கொண்டுபோய்ச் சுவரோரமாக வைத்தான். என்னிடம் வந்து, "மஞ்சா பெருகிருக்குதுடா" என்றான்.

நான் தலையை ஆட்டினேன். ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது. இசை வேறு. என் மண்டைக்குள் எந்தக் கம்பு, எந்தப் பிடி என்ற கணக்குத்தான் ஓடிக்கொண்டிருந்தது. 'பெருசாருக்குது' என்று எனக்குப் பதிந்தது. இன்றைக்கு ஐந்தாவது படிக்கிற பிள்ளை கூடக் கேட்கும், அவன் வீட்டுப் பேச்சு தெரியாதா உனக்கு என்று. தாலிக்கு அப்படிச் சொல்வார்கள், தெரியும். இழைக்குச் சொல்வார்கள், அதுவும் தெரியும். கம்புக்கு அவன் அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. அதுவரை எங்கள் கம்பு எதிலும் கீறல் விழுந்ததில்லை.

அன்று அவன் தாண்டியதைப் போல் அதற்கு முன் தாண்டியதில்லை. குறுக்குக் கம்பி ஏற ஏற மற்ற நாட்டுக்காரர்கள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். இன்னும் ஓர் உயரம் தாண்டினால் அவனுக்குப் பதக்கம். எனக்கும் யோகம்தான், அதுவரை தாக்குப்பிடித்திருந்தேன். ஆனால் அவன் முதல் முயற்சியிலேயே தாண்டிவிட்ட உயரத்தில் நான் இரண்டு தடவை தவறினேன், மூன்றாவதும் தவறினால் வெளியே. கம்பு எனக்கு அளவுக்கு மீறி வளைந்து முன்னால் தள்ளியது. பெரிய கம்பு வேண்டும். அவனைக் கேட்கலாம் என்று பார்த்தால், மெத்தைக்கு அந்தப் பக்கம், தடுப்புக்கு வெளியே உட்கார்ந்திருந்த எங்கள் பயிற்சியாளரிடம் பேசப் போயிருந்தான். என் பெயர் வந்துவிட்டது. கடிகாரம் ஓடத் தொடங்கியது. மஞ்சள்தான் பெரியது என்று அவனே சொல்லியிருக்கிறானே என்று நான் போய் அதை எடுத்துக்கொண்டேன்.

ஓடுபாதையின் முனையில் நின்று கம்பைத் தூக்கிப் பிடித்தேன். அரங்கம் தாளத்துக்குக் கை தட்டியது. எதிரே, மெத்தைக்குப் பின்னால், அவன் வழக்கம்போல் எனக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தான். ஏன் திரும்பினான் என்று எனக்குத் தெரியாது. திரும்பினான். என் கையில் இருந்த கம்பின் அடிப்பக்கத்தைப் பார்த்தான்.

அவன் கையை ஆட்டினான். நானும் தலையை ஆட்டினேன். "வேணாம்!" என்று கத்தினான். கைதட்டலில் அது 'வா' என்று கேட்டதோ, 'விடு' என்று கேட்டதோ, தாண்டுகிறவனுக்கு எல்லாக் கத்தலும் ஊக்கம்தான். நான் ஓடத் தொடங்கினேன். பலகை தடதடத்தது. "நில்லுடா! டேய், நில்லு!" அதுவும் கேட்டது. எந்த நாட்டு அரங்கத்திலும் யாராவது யாரையாவது பார்த்து ஏதாவது கத்திக்கொண்டுதான் இருப்பார்கள். வேகம் கூடிவிட்டது. குழிப்பெட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. அவன் முகம் நேர் எதிரே எனக்குத் தெரிந்தது. உதட்டைக் கடித்திருந்தான். ஏணிக்குக் கீழே நின்றிருந்த பையன் எப்படி இருந்திருப்பான் என்று எனக்கு இப்போது தெரியும்.

பிறகு அவன் வாயைத் திறந்தான். முழுசாக.

"ஒடஞ்சிடும்டா!"

அதில் இருந்த எந்த எச்சரிக்கையும் என்னை நிறுத்தவில்லை. அந்தச் சொல் அவன் வாயிலிருந்து வருவதை நான் கேட்டதே இல்லை, அதுதான் நிறுத்தியது. பழகின வருடங்களில் ஒரு தடவைகூட இல்லை. என் கைகள் தானாகக் கம்பை விட்டுவிட்டன. வேகத்தில் பெட்டியைத் தாண்டி ஓடிப்போய் மெத்தையில் முகம் குப்புற விழுந்தேன். கம்பு பலகையில் உருண்டு கீழே தரையில் போய் நின்றது. பெட்டியைத் தாண்டி மெத்தையைத் தொட்டதால் அதுவும் தவறிய முயற்சிதான். நடுவர் சிவப்புக் கொடியைத் தூக்கினார். என் போட்டி அதோடு முடிந்தது.

எங்கள் பயிற்சியாளர் வடநாட்டுக்காரர், ஆஜானுபாகு. அவருக்குத் தமிழ் தெரியாது. இவன் கத்தியதன் அர்த்தத்தை நான் சொன்னதும் கோபத்தோடு, சோதித்துப் பார்க்கக் கம்பைத் தடுப்புக்கு வெளியே வாங்கினார். ஒரு நுனியைப் படிக்கட்டில் சாய்த்து நடுவில் காலை வைத்து மிதித்தார். துப்பாக்கி வெடித்ததுபோல் ஒரு சத்தம். பக்கத்தில் இருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். கம்பு இரண்டாகக் கிடந்தது. கூரான சிலும்புகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. நான் அதன்மேல் தலைகீழாகத் தொங்கியிருக்க வேண்டியது.

நான் பார்த்தது பயிற்சியின்போது விழுந்த கீறலை. அவன் பார்த்தது அதை அல்ல. தான் வாயைத் திறந்ததையும் கம்பு உடைந்ததையும் மட்டும்தான் அவன் பார்த்தான். சத்தம் வந்த திசையைப் பார்த்து நின்று, கை இரண்டையும் வாய்மேல் வைத்து அழுத்திக்கொண்டிருந்தான்.

குறுக்குக் கம்பியை உயர்த்தினார்கள். அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். ஓடுபாதைக்குப் போனான். கம்பைத் தூக்கிப் பிடித்தான். அரங்கம் கை தட்டியது. அவன் ஓடவில்லை. கடிகாரம் ஓடியது. நேரம் முடியப்போகிறது என்று மஞ்சள் கொடி ஏறியது. அப்போதும் ஓடவில்லை. சிவப்புக் கொடி ஏறியது. எத்தனையோ பேர் பார்த்திருப்பார்கள், காலில் ஏதோ பிடிப்பு என்று நினைத்திருப்பார்கள். இரண்டாவது முறையும் அப்படியே நின்றான். நான் தடுப்பைப் பிடித்துக்கொண்டு, "ஓடுடா! ஒண்ணும் ஆகாதுடா!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அவன் என்னைப் பார்த்தான். என்னை மட்டும் பார்த்தான். வாயை மூடியபடியே, மாட்டேன் என்று தலையை அசைத்தான். சொன்ன வார்த்தை இன்னும் அரங்கத்துக்குள் யாரையோ தேடிக்கொண்டிருப்பதுபோலக் கூரையை ஒரு தடவை பார்த்துக்கொண்டான்.

இப்போது அவன் பெங்களூரில் ஒரு பட்டு நூல் வியாபாரியிடம் வேலை செய்கிறான் என்று கேள்வி. அன்றைக்குப் பிறகு அவன் கம்பைத் தொட்டதில்லை. ஊருக்கு வந்தால் என் வீட்டுக்கு வருவதில்லை. போனில் பேசினால், "உடம்பு நல்லா இருக்குதா?" என்று கேட்பான். பதில் சொன்னதும் வைத்துவிடுவான். பதக்கத்தைப் பற்றி நானும் பேசியதில்லை. பேசினால் நான் உயிரோடு இருப்பதற்கு விலை சொல்வதுபோல ஆகிவிடும்.

அன்று அந்த அரங்கத்தில், மூன்றாவது வாய்ப்புக்கும் அப்படியே நின்றான். கடிகாரம் முடிவதற்குள்ளாகவே, தூங்குகிற குழந்தையைக் கிடத்துவதுபோலக் கம்பைப் பலகைமேல் கிடத்தினான். ஓடுபாதையை விட்டு இறங்கி நேராக என்னிடம் வந்தான். என் தலையைத் தடவினான். தோளைத் தடவினான். கையைத் தூக்கி முழங்கையை மடக்கி நீட்டிப் பார்த்தான். குனிந்து கணுக்கால் இரண்டையும் அமுக்கினான். அவன் கைகள் ஐஸாக இருந்தன.

"எங்கனா வலிக்குதாடா?" என்றான்.

"நான் தாண்டவே இல்லியேடா!" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"தெரியும்டா. எங்கனா வலிக்குதா, சொல்லு" என்று என் விலா எலும்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே மறுபடியும் கேட்டான்.